எழுதாத தேர்வில் தோற்ற பிள்ளைகள்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற சிற்றூரில் பள்ளிச் சேர்க்கை நாள். சோலெடாட் விடாவ்ரி என்ற பெண் தன் பிள்ளைகளையும், உடன்பிறந்தவரான கொன்சாலோ மெண்டெஸின் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 17ஆம் தெருப் பள்ளிக்குப் போனார். புல்வெளி, பனை வரிசை, ஊஞ்சல் என்று அழகான பள்ளி. சோலெடாட்டின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் வெளுத்த நிறம். விடாவ்ரி என்ற பெயரும் காதுக்குப் பிரெஞ்சுப் பெயர்போல இருந்தது. மெண்டெஸின் பிள்ளைகள் கறுத்தவர்கள், பெயரோ ஐயத்துக்கு இடமில்லாத மெக்சிகப் பெயர். அவர்கள் ஹூவர் பள்ளிக்குப் போகட்டும் என்று பதில் வந்தது. சோலெடாட் ஒருவரையும் சேர்க்காமல் எல்லாரையும் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்.

மெண்டெஸ் பிள்ளைகள் ஆங்கிலம் நன்றாகவே பேசுவார்கள். அதே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள்தாம் இரு பக்கமும். ஆனாலும் இந்த விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனபோது பள்ளி நிர்வாகங்கள் சொன்ன காரணம் மொழி. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதாது, அவர்கள் நன்மைக்காகவே தனிப் பள்ளி என்றார்கள். "மெண்டெஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர்" வழக்கை அமெரிக்காவில் இன்று பெரும்பாலும் இனப் பிரிவினைக்கு எதிரான வெற்றியாக நினைவுகூர்கிறார்கள். தப்பில்லை. ஆனால் ஆவணங்களின்படி பார்த்தால் இது முதலில் மொழி பற்றிய வழக்கு. மொழி என்று எதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பிரித்தார்கள், அந்தச் சாக்கு எங்கே உடைந்தது, எங்கே உடையாமல் மிச்சமிருந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

தோட்டமும் பள்ளியும்

ஆரஞ்சு கவுண்டி பெயருக்கேற்றபடி ஆரஞ்சுத் தோட்டங்களின் மாவட்டம். 1910இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்த பிறகு அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வடக்கே வந்தவர்கள் இந்தத் தோட்டங்களிலும் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் கூடங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். தோட்டங்களை ஒட்டி அவர்களுடைய குடியிருப்புகள் எழுந்தன. அப்புறம் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று "மெக்சிகப் பள்ளிகள்" எழுந்தன. பெண் பிள்ளைகளுக்குத் தையலும் வீட்டு வேலையும், ஆண் பிள்ளைகளுக்குக் கைத்தொழில். வால்நட் அறுவடைக் காலத்தில் சில மெக்சிகப் பள்ளிகள் அரை நாளோடு விட்டுவிடும், பிள்ளைகள் பொறுக்கப் போக வேண்டுமே. நாளைய தோட்டக் கூலியைத் தயாரிக்கும் பள்ளி என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இதில் ஒரு விசித்திரம். மெக்சிகப் பிள்ளைகளைத் தனியே வைக்கக் கலிஃபோர்னியாவில் சட்டமே கிடையாது. அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளையும், சீன, ஜப்பானிய, மங்கோலிய வழிப் பிள்ளைகளையும் தனிப் பள்ளியில் வைக்க மாநிலக் கல்விச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் மெக்சிகர் இல்லை. 1848இல் மெக்சிகோவுடன் போர் முடிந்து உடன்படிக்கை ஆனபோது, கைமாறிய நிலப்பரப்பில் இருந்த மெக்சிகர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அந்தக் காலத்தில் குடியுரிமைக்குத் தகுதி பெற வெள்ளையராக இருக்க வேண்டும். ஆகவே காகிதத்தில் மெக்சிகர் வெள்ளையர். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் "மெக்சிகர்" என்று தனி இனமாக எழுதினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 1940இல் மீண்டும் வெள்ளையர் ஆக்கினார்கள். காகிதத்தில் வெள்ளையர், பள்ளி வாசலில் மெக்சிகர். இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அடைக்கத்தான் மொழி தேவைப்பட்டது.

இதே சாக்கு முன்பே ஒருமுறை நீதிமன்றத்தில் தோற்றிருந்தது. சான் டியாகோவுக்குப் பக்கத்தில் லெமன் குரோவ் என்ற ஊர். 1931 ஜனவரியில் அங்கே மெக்சிகப் பிள்ளைகளைப் பள்ளி வாசலிலேயே மறித்து, அவர்களுக்கென்று கட்டிய புதிய கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். பெற்றோர் அந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர் "லா கபயெரீசா", அதாவது குதிரை லாயம். பிள்ளைகளை அனுப்ப மறுத்துவிட்டு, ஊர்க்காரர்கள் குழு ஒன்றைக் கூட்டி, சான் டியாகோவிலிருந்த மெக்சிகத் தூதரகத்தின் உதவியோடு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஆனால் அது கவுண்டி அளவிலான தீர்ப்பு. மேல்முறையீடு இல்லாததால் அடுத்த ஊரைக் கட்டுப்படுத்தவில்லை. ஆரஞ்சு கவுண்டியில் பழையபடியே நடந்தது.

முனேமிட்சு நிலம்

கொன்சாலோ மெண்டெஸ் மெக்சிகோவின் சிவாவாவில் பிறந்து சிறுவயதில் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்தவர். தனிப் பள்ளி வருவதற்கு முன் அதே ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர். அவர் மனைவி ஃபெலிசிட்டாஸ் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். மெக்சிகரும் அல்லாத அந்தக் குடிமகளின் பிள்ளைகளும் "மெக்சிகப் பிள்ளைகள்" என்ற கணக்கிலேயே சேர்ந்தார்கள். பிற்காலத்தில் லத்தீனோ என்று ஒரே சொல்லுக்குள் அடங்கப்போகும் கூட்டத்தை, அந்தச் சொல் புழங்குவதற்கு முன்பே பள்ளி எழுத்தர்கள் ஒன்றாகக் கட்டிவிட்டிருந்தார்கள்.

குடும்பம் சாண்டா ஆனாவில் இருந்தது. வெஸ்ட்மின்ஸ்டருக்கு அவர்கள் குடிபெயர்ந்த கதை தனிக் கதை. முனேமிட்சு என்ற ஜப்பானியக் குடும்பத்துக்கு அங்கே 40 ஏக்கர் விளைநிலம். ஜப்பானிலிருந்து வந்தவர்கள் நிலம் வாங்கக் கலிஃபோர்னியாவில் தடை இருந்ததால் அமெரிக்காவில் பிறந்த மகன் பெயரில் வாங்கியிருந்தார்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, 1942இல், ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தி முகாம்களில் அடைத்தபோது முனேமிட்சு குடும்பம் அரிசோனாவின் போஸ்டன் (Poston) முகாமுக்குப் போனது. நிலத்தைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் வேண்டும். மெண்டெஸ் குத்தகைக்கு எடுத்தார். போர்க்காலத்தில் காய்கறிக்கு நல்ல விலை. அதுவரை கூலி வேலையும் சிறு வியாபாரமுமாக இருந்தவர் கையில் நல்ல காசு புரண்டது. வழக்குக்கு வக்கீல் வைக்க முடிந்தது அந்த வருமானத்தால்தான். ஜப்பானியர்களை வேலிக்குள் அடைத்த அதே அநீதிதான் இந்த வழக்குக்குச் செலவுப் பணத்தையும் கொடுத்தது. எனக்குத் தெரிந்து அமெரிக்கச் சட்ட வரலாற்றில் இதைவிட முடிச்சான இடம் அதிகமில்லை.

ஹூவர் பள்ளி எப்படி இருந்தது? கொன்சாலோவின் மகள் சில்வியா மெண்டெஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். சின்ன மரக் கட்டடம், பக்கத்தில் மாட்டு மேய்ச்சல் நிலம், இடையில் மின்சாரம் பாய்ச்சிய கம்பி வேலி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொய்க்கும் ஈக்கள். அந்த வயதில் அப்பா அம்மா எதற்குப் போராடுகிறார்கள் என்றே தனக்குத் தெரியாது என்பார் சில்வியா. அந்தப் பள்ளியின் ஊஞ்சல் நமக்கும் வேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

கொன்சாலோ முதலில் பள்ளி முதல்வரிடம் போனார், பள்ளி வாரியத்திடம் போனார், கவுண்டியிடம் போனார். அக்கம்பக்கத்துப் பெற்றோரைச் சேர்த்து மனுக் கொடுத்தார். அவர்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. மெண்டெஸ் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்று நிர்வாகம் இறங்கி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்தச் சமயத்தில் லாரி ஓட்டும் ஒருவர் மூலமாக டேவிட் மார்க்கஸ் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் வக்கீலின் பெயர் காதில் விழுந்தது. சான் பெர்னார்டினோ நகரப் பூங்காவிலும் நீச்சல் குளத்திலும் மெக்சிகர்களுக்கு இருந்த தடையை 1944இல் மத்திய அரசின் ஃபெடரல் நீதிமன்றத்தில் உடைத்தவர் அவர். மார்க்கஸ் ஒரு யோசனை சொன்னார். ஒரு ஊர் என்றால் உள்ளூர்ப் பிணக்கு என்று தள்ளிவிடுவார்கள், பல ஊர்களைச் சேருங்கள். கொன்சாலோ தோட்டத்தை ஃபெலிசிட்டாஸ் பொறுப்பில் விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்தார். கூலி போய்விடுமே என்று சாட்சி சொல்லத் தயங்கியவர்களுக்கு அன்றைய கூலியைத் தன் கையிலிருந்து கொடுத்தார்.

1945 மார்ச் 2ஆம் தேதி மனு தாக்கலானது. மெண்டெஸ், எஸ்ட்ராடா, குஸ்மான், பாலோமினோ, ராமிரெஸ் என ஐந்து தகப்பன்மார். வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ், சாண்டா ஆனா, எல் மொடீனா என நான்கு பள்ளி வட்டங்கள். தங்கள் பிள்ளைகளுக்காக மட்டுமின்றி, இதே நிலையிலுள்ள சுமார் 5,000 பிள்ளைகளுக்காகவும் கேட்டார்கள்.

கூண்டில் ஏறிய மொழி

வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு சட்டச் சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். 1896இல் பிளெசி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனித்தனியாக வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டது. இனப் பாகுபாடு என்று வாதிட்டால் அந்தச் சுவரில் போய் முட்ட வேண்டும். மார்க்கஸ் அதைச் சுற்றிக்கொண்டு போனார். மெக்சிகர்கள் சட்டப்படி வெள்ளையர், ஆகவே இங்கே இனப் பிரச்சினையே இல்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அப்படியானால் வெள்ளைப் பிள்ளைகளையே இரண்டாகப் பிரித்து வைப்பது எதனால்? பள்ளி வட்டங்களுக்காக வாதாடிய கவுண்டி வக்கீலிடம் மிச்சமிருந்தது ஒரே பதில்: மொழி. இனத்தை மேசையிலிருந்து எடுத்துவிட்டதால் எதிர்த்தரப்பு முழுப் பாரத்தையும் மொழியின் மேல் ஏற்ற வேண்டியதாயிற்று. இது மார்க்கஸின் சாமர்த்தியம். இதில் ஒரு கசப்பும் இருக்கிறது: கறுப்பினப் பிள்ளைகளுக்கு இந்த வாதத்தால் ஒரு பயனும் இல்லை.

1945 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் நீதிபதி பால் மெக்கார்மிக் முன் விசாரணை. மொழி ஒன்றுதான் காரணம் என்றால் அந்தக் காரணத்தோடு மட்டும் நிற்க வேண்டும். பள்ளி அதிகாரிகளால் நிற்க முடியவில்லை. கார்டன் குரோவ் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் கென்ட் குறுக்கு விசாரணையில், மெக்சிகப் பிள்ளைகள் சுத்தத்திலும் படிப்பிலும் தாழ்ந்தவர்கள், பேன், சொறி, அழுக்குக் கை என்று அடுக்கினார். தெற்குக் கலிஃபோர்னியாவில் மெக்சிகப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது பற்றியே முதுகலை ஆய்வேடு எழுதியவர் அவர். இன்னோர் அதிகாரி, வீட்டில் இந்தப் பிள்ளைகளுக்கு மதர் கூஸ் என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகள் சொல்லித் தருவதில்லை என்றார். மதர் கூஸ் தெரியாததால் தனிப் பள்ளி! அவர்களுடைய அம்மாக்கள் ஸ்பானிஷில் பாடிய பாட்டுகள் பாட்டுக் கணக்கிலேயே வரவில்லை. மார்க்கஸ் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை, அவர்களைப் பேசவிட்டார்.

சாட்சிக் கூண்டில் ஏறிய 14 வயது மாணவி ஒருத்தி நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவள் சொன்னது எதுவாக இருந்தாலும், எந்த மொழியில் சொன்னாள் என்பதே சாட்சியம். ஃபெலிசிட்டாஸ், நாங்கள் அமெரிக்கர்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வளர்க்கிறோம், பிறகு எதற்குப் பிரிக்கிறீர்கள் என்ற பொருளில் பேசினார். அதோடு மார்க்கஸ் அந்தக் காலத்தில் புதுமையான ஒன்றைச் செய்தார். கல்வியாளர்களையும் சமூக அறிவியலாளர்களையும் சாட்சியாகக் கூப்பிட்டார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து மானிடவியலாளர் ரால்ஃப் பீல்ஸ் ஒருவர். நியூ மெக்சிகோவில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய அனுபவமுள்ள மரீ ஹியூஸ் இன்னொருவர். இருவரும் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஆங்கிலம் பேசும் பிள்ளைகளோடு பழகாமல் ஆங்கிலம் எப்படி வரும்?

நீதிபதி ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். 1946 பிப்ரவரி 18இல் தீர்ப்பு. என் பார்வையில் இந்தத் தீர்ப்பின் உயிர், அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அதன் சமத்துவ வரிகளில் இல்லை. தேர்வு எங்கே என்று கேட்கிற வறட்டுப் பத்திகளில் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில், அதாவது அந்த 17ஆம் தெருப் பள்ளியில், 642 பிள்ளைகள், அவர்களில் 628 பேர் "ஆங்கிலம் பேசுவோர்". ஹூவரில் 152 பேர், அத்தனை பேரும் மெக்சிக வம்சாவளி. எல் மொடீனாவில் நிலைமை இன்னும் வெளிப்படை. மெக்சிகப் பிள்ளைகளுக்கான லிங்கன் பள்ளியும் ரூஸ்வெல்ட் பள்ளியும் ஒரே வளாகத்தில் ஏறக்குறைய 120 கஜ தூரத்தில் நின்றன. பள்ளி தொடங்கும் நேரம், விடும் நேரம், இடைவேளை எல்லாமே வேறு வேறு. லிங்கனில் முதல் வகுப்புக்கு வந்த மெக்சிகப் பிள்ளைகளுக்கு நம்பத் தகுந்த மொழித் தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை என்று நீதிபதி எழுதினார். தேர்வு என்று சொல்லிக்கொண்ட இடங்களிலும் அது அவசர கோலமாக, மேலோட்டமாக நடந்தது. சில சமயம் பிள்ளையின் பெயர் லத்தீன் பெயரா, மெக்சிகப் பெயரா என்று பார்த்தே முடிவெடுத்தார்கள். பெயர்ப் பதிவேட்டைத்தான் மொழித் தேர்வு என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் தீர்ப்பில் வருகிறது. நான்கு வட்டங்களிலும் பிரிவினை ஆறாம் வகுப்பு வரை நீண்டது, இரண்டில் எட்டாம் வகுப்பு வரை. தொடக்கத்தில் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்குச் சிறப்புக் கவனம் என்றால் சரி, ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு ஆண்டு தனியே வைத்தும் ஆங்கிலம் வரவில்லை என்றால் கோளாறு பிள்ளையிடமா, பள்ளியிடமா? மெக்கார்மிக் இவ்வளவு கூர்மையாகக் கேட்கவில்லை. ஆனால் தனியே வைப்பதால் ஆங்கிலம் காதில் விழும் வாய்ப்புக் குறைந்து, ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது தாமதப்படுகிறது என்று எழுதினார். எந்த நோய்க்கு மருந்து என்று சொன்னார்களோ அந்த நோயையே மருந்து வளர்த்தது. பொதுக் கல்வி வம்சாவளி பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்ந்தே திறந்திருக்க வேண்டும், சமூகச் சமத்துவம் அதன் முதல் தேவை, சமமான கட்டடமும் சமமான புத்தகமும் கொடுத்தால் மட்டும் போதாது என்றும் சொன்னார். பிளெசி நடப்பில் இருந்த நாட்களில், ஒரு கீழ் நீதிமன்ற நீதிபதிக்கு இது துணிச்சலான பேச்சு.

சான் பிரான்சிஸ்கோவில்

பள்ளி வட்டங்கள் மேல்முறையீடு செய்தன. வழக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்த ஒன்பதாம் வட்ட ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனதும் நாட்டின் கண் அதன் மேல் விழுந்தது. கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம், அமெரிக்க யூதக் காங்கிரஸ், ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கம், அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம், கலிஃபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர் எனப் பலரும் பெற்றோருக்கு ஆதரவாகக் கருத்துரை தாக்கல் செய்தார்கள். கறுப்பினச் சங்கத்தின் கருத்துரையில், 1954இல் பள்ளிப் பிரிவினையை உடைத்த பிரவுன் வழக்கின் வக்கீல்களான தர்குட் மார்ஷலின் பெயரும் ராபர்ட் கார்ட்டரின் பெயரும் இருந்தன. பிரித்து வைப்பதே சமமின்மை என்ற வாதத்தை அவர்கள் இங்கே ஒத்திகை பார்த்தார்கள் என்று சொல்லலாம். அதே ஆண்டுகளில்தான் முகாமிலிருந்து திரும்பிய முனேமிட்சு குடும்பம் தன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மெண்டெஸ் குடும்பம் சாண்டா ஆனாவுக்குத் திரும்பியது. சாண்டா ஆனாவில் 1946இல் லுலாக் அமைப்பின் கிளை ஒன்றும் தொடங்கியது.

லுலாக் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஐக்கிய லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் கழகம் என்பது அதன் முழுப் பெயர். டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியில் 1929இல் பிறந்தது. அமெரிக்கக் குடிமக்கள் மட்டும் சேரலாம், அமைப்பின் அதிகாரப்பூர்வ மொழி ஆங்கிலம் என்று அன்றே எழுதி வைத்தார்கள். இன்றைக்குப் படித்தால் வியப்பாக இருக்கும். தாய்மொழியைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா என்று கோபப்படுகிறவர்கள் லத்தீனோ அறிஞர்களிலேயே உண்டு. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. ஸ்பானிஷ் பேசினால் வெளிநாட்டான் என்று பெயர் வாங்கும் காலத்தில், 1930களில் லட்சக்கணக்கானோரை அமெரிக்கக் குடிமக்கள் உட்பட மெக்சிகோவுக்கு ரயிலேற்றி அனுப்பிய காலத்தில், நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் என்று நிரூபிக்க ஆங்கிலத்தைவிடப் பெரிய சாட்சி அவர்களிடம் இல்லை. மெண்டெஸ் வழக்கிலும் அதுதான் நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதே பெற்றோரின் வாதம். ஸ்பானிஷும் பள்ளிக்குள் வரலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தோற்றிருப்பார்கள்.

1947 ஏப்ரல் 14இல் ஒன்பதாம் வட்டத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகப் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஆனால் மெக்கார்மிக் போன தூரம் போகவில்லை. கலிஃபோர்னியாச் சட்டம் சில வகுப்பினரைப் பிரிக்க அனுமதிக்கிறது, மெக்சிகரை அனுமதிக்கவில்லை, ஆகவே சட்டத்தின் துணை இல்லாமல் பிரித்தது எல்லாருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தரும் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்துக்கு விரோதம் என்று நிறுத்திக்கொண்டார்கள். பிளெசியைத் தொடவில்லை. சட்டப்படி பிரிக்கலாம் என்ற பட்டியலில் ஜப்பானியர் அப்படியே இருந்தார்கள், அதாவது முனேமிட்சு வீட்டுப் பிள்ளைகள். அந்தக் குறையைத் தீர்த்தது மாநிலச் சட்டமன்றம். இரண்டு மாதம் கழித்து, 1947 ஜூனில், பிரிவினைக்கு இடம் தந்த விதிகளை நீக்கும் சட்டத்தில் கலிஃபோர்னியா ஆளுநர் கையெழுத்திட்டார். ஆளுநர் பெயர் ஏர்ல் வாரன். 1954இல் பிரவுன் வழக்கில் பள்ளிப் பிரிவினையை நாடு முழுக்க ரத்து செய்த உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் அவரே. ஆனால் பிரவுன் தீர்ப்பில் மெண்டெஸ் வழக்கின் பெயர் வராது. பள்ளி வட்டங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகாததால் இந்த வழக்கு மேற்குக் கரையோடு நின்றுபோனது. பல பத்தாண்டுகள் கலிஃபோர்னியாப் பிள்ளைகளுக்கே இதைப் பற்றித் தெரியாது.

மூடாத கதவு

மெக்கார்மிக் தீர்ப்பில் ஒரு கதவு திறந்தே கிடந்தது. ஆங்கிலம் தெரியாத சில தொடக்கப் பிள்ளைகளை வேறு விதமாக நடத்த ஒருவேளை நியாயம் இருக்கலாம், ஆனால் ஒட்டுமொத்தமாகத் தனிப் பள்ளியில் அடைக்க முடியாது என்பதுதான் அவர் சொன்னது. டெக்சாஸில் லுலாக் துணையோடு நடந்த டெல்காடோ வழக்கில் 1948இல் வந்த ஆணை இதை அப்படியே எடுத்துக்கொண்டது. தனிப் பள்ளி கூடாது. முதல் வகுப்பில் மட்டும், அதே வளாகத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான முறையான தேர்வு வைத்து, ஆங்கிலம் தெரியாதவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? டெக்சாஸில் டிரிஸ்கோல் என்ற ஊரில் மெக்சிகப் பிள்ளைகளை முதல் வகுப்பிலேயே ஆண்டுக்கணக்கில் தனியே உட்கார வைத்தார்கள். 1957இல் அது ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்த வகுப்பில் போடப்பட்ட ஒரு சிறுமிக்கு ஸ்பானிஷே தெரியாது என்ற உண்மை வெளியே வந்தது. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த குழந்தை. அவள் செய்த ஒரே பிழை அவள் பெயர்.

வெஸ்ட்மின்ஸ்டரில் பள்ளி வாசலில் நடந்ததுதான் டிரிஸ்கோலில் வகுப்பறைக்குள் நடந்தது. கட்டடம் மாறியதே தவிர, வைக்காத தேர்வு வைக்காததாகவே இருந்தது.

1960களில் காற்று திரும்பியது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் உயர்நிலைப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான மெக்சிக அமெரிக்க மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் தாத்தா தலைமுறை கேட்காததைக் கேட்டார்கள்: ஸ்பானிஷ் பேசினால் தண்டிக்காதே, இருமொழிக் கல்வி கொடு, எங்கள் வரலாற்றைப் பாடத்தில் வை. அதே ஆண்டு தொடக்கத்தில்தான் டெக்சாஸ் செனட்டர் ரால்ஃப் யார்பரோ முன்னின்று கொண்டுவந்த இருமொழிக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 1974இல் சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடுத்த லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மொழி புரியாத பிள்ளைக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது என்றது. மெண்டெஸ் வழக்கில் சேர்த்து வைப்பது நீதி. லாவ் வழக்கில், சேர்த்து வைத்துவிட்டுக் கைவிடுவது அநீதி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முரணாகத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் கேட்கப்பட்டது, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாராவது உட்கார்ந்து பார்த்தீர்களா என்பதே.

பிறகு அலை மறுபடி திரும்பியது. 1998இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 227ஆம் முன்மொழிவை ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளில் நிறைவேற்றி இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் முடக்கினார்கள். 2016இல் 58ஆம் முன்மொழிவு அதை 73 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் விலக்கியது. பதினெட்டு ஆண்டுகளில் ஒரே மாநிலம் இப்படித் தலைகீழாக மாறியதற்குக் காரணம் பல. வாக்காளர்கள் மாறியது ஒன்று. இரண்டு மொழி தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று ஆங்கிலம் மட்டும் பேசும் வீடுகளே நினைக்கத் தொடங்கியது இன்னொன்று. 2020 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் லத்தீனோக்கள் 6.2 கோடிப் பேர்.

கொன்சாலோ 1964இல் இறந்தார், ஐம்பது வயதைத் தாண்டியதும். தன் வழக்குக்குப் பேர் கிடைத்ததை அவர் பார்க்கவில்லை. ஃபெலிசிட்டாஸ் 1998இல் இறந்தார். 2007இல் வழக்கின் நினைவாக அஞ்சல்தலை வந்தது. செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற சில்வியா, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி பள்ளி பள்ளியாகப் போய்க் கதை சொன்னார்; 2011இல் அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் இன்று வேறு ஊர். 1975க்குப் பிறகு வந்த வியட்நாம் அகதிகள் குடியேறி, அதன் ஒரு பகுதிக்கு லிட்டில் சைகோன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மெண்டெஸ் வழக்கில் முதல் எதிர்மனுதாரராக நின்ற அந்தப் பள்ளி வட்டத்தில், 2015இல், டெமில் தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். வீட்டில் வியட்நாமிய மொழி பேசும் பிள்ளைகளும் அதில் ஒரு சொல்கூடத் தெரியாத பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வியட்நாமிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கும் வகுப்பு. கலிஃபோர்னியாவிலேயே அப்படி ஒன்று அதுதான் முதல். 227 அப்போது இன்னும் நடப்பில் இருந்தது, ஆகவே பிள்ளையை அங்கே சேர்க்க விரும்பிய பெற்றோர், ஆங்கிலம் மட்டும் என்ற விதியிலிருந்து விலக்குக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.